ப்ளேடு வட்டி, தசமபாகம், மனைவிக்குத் தெரியாத கடன்: எங்கிருந்து தொடங்குவது?

களியக்காவிளைக்காரன்:

ஸ்தோத்திரம். ரொம்ப நாளாக இங்கே வாசிப்பவன், எழுதுவது இதுதான் முதல் தடவை. பெயர் சொல்லவில்லை, மன்னியுங்கள்.

வீடு களியக்காவிளை பக்கம். வேலை எல்லை தாண்டி பாறசாலையில் ஒரு டைல்ஸ் கடையில். சம்பளம் 24,000. மனைவி அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்குப் போகிறாள். வேலை ஒழுங்காக இருக்கிற மாதம் 9,000 வரை வரும். பிள்ளைகள் இரண்டு பேர். அப்பா கட்டிய வீடு இருப்பதால் வாடகை இல்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தோம். அன்று விழுந்தது, இன்னும் எழவில்லை. கந்துவட்டிக்கு விடுகிற ப்ளேடுக்காரரிடம் 1,00,000, நூற்றுக்கு 5 வட்டி. மாதம் பிறந்தால் 5,000 கொண்டு கொடுக்கிறேன், முதல் அப்படியே நிற்கிறது. மனைவியின் நகை 6 பவன் ஒரு பைனான்ஸில் பணயம் இருக்கிறது. செயின் ஒரு ரசீது, வளையல்கள் ஒரு ரசீது. ஒவ்வொன்றுக்கும் 1,20,000, வட்டி 18 சதவீதம். ஆறு மாதமாக அந்த வட்டியைக் கட்டவில்லை. மகளிர் குழு லோன் 60,000 மீதி, வாரம் 1,150. கிரெடிட் கார்டில் 85,000, மாதாமாதம் குறைந்தபட்சத் தொகை 4,250 கட்டுகிறேன். அப்புறம் ஷார்ஜாவில் இருக்கும் மச்சான் கைமாற்றாகத் தந்த 1,50,000. அவர் இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பாரமாக இருக்கிறது.

ப்ளேடும் கார்டும் மனைவிக்குத் தெரியாது.

வருமானத்தில் பத்தில் ஒன்றான தசமபாகத்தைச் சபைக்குத் தவறாமல் கொடுக்கிறவன் நான். போன மாதம் முதல் தடவையாகக் கொடுக்கவில்லை. அன்று ஆராதனையில் உட்கார முடியாமல் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். "கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை" என்ற நீதிமொழி வசனத்தைச் சிறுவயதில் ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்து பரிசு வாங்கியிருக்கிறேன். இப்போது கடைக்கு வெளியே அவருடைய பைக் சத்தம் கேட்டால் கை நடுங்குகிறது.

எங்கிருந்து தொடங்குவது? தசமபாகத்தை நிறுத்தினால் அது பாவமா?

குழித்துறை அக்கா:

தம்பி, ஐந்து கடனையும் தொகையோடும் வட்டியோடும் எழுதியிருக்கிறாய். நான் 32 வருடம் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கடன் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தாங்கள் மொத்தம் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது தெரியாது. கூட்டிப் பார்க்கப் பயம். உன் மொத்தம் 6,35,000. இனி இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், எண் தெரிந்துவிட்டது.

நூற்றுக்கு 5 என்பது காதுக்குச் சின்னதாகக் கேட்கும். அது மாதத்துக்கு. வருடத்துக்கு 60 சதவீதம். இருபது மாதத்தில் நீ வாங்கின லட்சத்தை வட்டியாகவே கொடுத்து முடித்திருப்பாய், லட்சமும் அப்படியே இருக்கும்.

கார்டு அடுத்தது. மாதம் 3.5 சதவீதம் என்று வைத்தால் 85,000-க்கு வட்டி 2,975. அந்த வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, 536 ரூபாய். நீ கட்டுகிற 4,250-இல் அசலில் கழிவது 739 ரூபாய் மட்டும்தான். அந்த மாதம் 1,000 ரூபாய்க்கு அதே கார்டைத் தேய்த்தால் கடன் கூடவே செய்யும். இன்றைக்கே அந்தக் கார்டைப் பர்ஸிலிருந்து எடுத்து வீட்டில் வை.

நகை 18 சதவீதம். அதை வங்கிக்கு மாற்றினால் பாதியளவுக்குக் குறையும். குழு லோன் 24 சதவீதத்தை ஒட்டி இருக்கும், ஆனால் வாரம் தவறாமல் போவதால் ஒரு வருடம் சொச்சத்தில் தானாக முடியும். மச்சானுடையது வட்டியில்லாதது.

ஆகவே முதலில் அடைக்க வேண்டியது ப்ளேடு, அப்புறம் கார்டு. சின்னக் கடனை முதலில் முடித்தால் மனதுக்குத் தெம்பு வரும் என்று சிலர் சொல்வார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் 60 சதவீதம் எரிந்துகொண்டிருக்கும்போது வேறு இடத்தில் தண்ணீர் ஊற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வழி ஒன்று இருக்கிறது. செயினை விற்பது. நீ பணயம் வைத்த நாளைவிட இன்று பவன் விலை எவ்வளவோ கூடியிருக்கிறது. குறைத்தே 70,000 என்று வைத்தாலும் 3 பவனுக்கு 2,10,000. ரசீதுக்கு 1,20,000, ஆறு மாத வட்டி 10,800. போக 79,200 கையில் நிற்கும். ப்ளேடில் முக்கால் பங்கு அதிலேயே தீரும்.

ஆனால் அது உன் நகை இல்லை. அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது, சட்டப்படியும் அவளுடைய சொத்து. விற்கலாமா என்று கேட்க வேண்டுமானால் எதற்கு என்று சொல்ல வேண்டும். இன்று ராத்திரி பிள்ளைகள் தூங்கின பிறகு இங்கே எழுதியதை அப்படியே அவளுக்கு வாசித்துக் காட்டு.

களியக்காவிளைக்காரன்:

அக்கா, கணக்கு புரிகிறது. ஆனால் இரண்டாவது ரசீது வைத்தபோதே அவள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இதைச் சொன்னால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. முதலில் எப்படியாவது ப்ளேடை அடைத்துவிட்டு அப்புறம் சொல்லலாமா?

நெய்யாற்றங்கரை ஆட்டோ:

மக்கா, அந்த "எப்படியாவது" இருக்கிறதே, அதுதான் என்னை நாலு வருடம் சுற்ற வைத்தது.

எனக்கு ஊர் கொல்லங்கோடு பக்கம், ஆட்டோ ஓட்டுவது நெய்யாற்றின்கரையில். அம்மாவின் ஆபரேஷனுக்கு ஒரு ப்ளேடிடம் 50,000 வாங்கினேன். வட்டி கட்ட முடியாதபோது இன்னொரு ப்ளேடு. அதைக் கட்ட ஆட்டோவின் ஆர்சி புத்தகம். எல்லாம் வீட்டுக்குத் தெரியாமல். ஒரு பெருமழை நாள் சாயங்காலம் இரண்டு பேர் வீட்டு வாசலில் வந்து நின்று என் மனைவியிடம் கேட்டார்கள். நான் சொல்லியிருந்தால் ஒரு ராத்திரி அழுதிருப்பாள். அவர்கள் வாயால் கேட்டதால் என்னை நம்ப அவளுக்கு இரண்டு வருடம் ஆனது. இதை எழுதும்போதும் நெஞ்சு வலிக்கிறது.

இப்போது வேலைக்கு ஆகிற காரியம் சொல்கிறேன். கடன் வாங்கும்போது நீ என்ன கொடுத்தாய்? வெறும் செக்கா, தொகை எழுதாத முத்திரைத்தாளா, புரோநோட்டா? கையெழுத்துப் போட்ட வெறும் செக் அவர் கையில் இருந்தால் அவர் நினைத்த தொகையை எழுதி வங்கியில் போட்டு, திரும்பினால் கேஸ் கொடுக்க முடியும். பணத்தை முழுதாக அடைக்கிற அன்று அதே இடத்தில், சாட்சிக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, எல்லாத் தாளையும் திரும்ப வாங்கு. இனிமேல் கொடுக்கிற வட்டியைக் கையில் கொடுக்காமல் வங்கிக் கணக்குக்கோ ஜிபேயிலோ அனுப்பப் பார். வாங்க மறுத்தால் தேதியும் தொகையும் போட்டு ஒரு நோட்டில் எழுதி வை.

மிரட்டினால் பயப்படாதே. தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு எதிரான சட்டம் 2003-இல் வந்தது, மூன்று வருடம்வரை ஜெயில் உண்டு. கேரளத்தில் அதுபோன்ற சட்டம் 2012-இல் வந்தது. 2014-இல் ஆபரேஷன் குபேரா என்று போலீஸ் இறங்கியபோது எங்கள் ஸ்டாண்டில் வட்டிக்கு விடுகிற பலர் கொஞ்ச நாள் தலைகாட்டவே இல்லை. எல்லையில் இருப்பதால் "அங்கே போ, இங்கே போ" என்று அலைக்கழிக்கப் பார்ப்பார்கள். பணம் எந்த ஊரில் வைத்துக் கைமாறியது என்பதைத் தெளிவாக எழுதி வைத்துக்கொள்.

அருமனை ஊழியன்:

சகோதரனே, தசமபாகம் பற்றிக் கேட்டாய். என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன், கோபப்பட வேண்டாம். நிறுத்தாதே.

நான் ரப்பர் பால் வெட்டுகிறவன். 2011-இல் ரப்பர் கிலோ 200 ரூபாய் தாண்டி ஓடியது. அந்தத் தைரியத்தில் வண்டிக்கும் வீட்டு மாடிக்கும் லோன் போட்டேன். 2016 தொடக்கத்தில் 100-க்கும் கீழே வந்துவிட்டது. கூலி குறைந்தது, சில தோட்டங்களில் வெட்டையே நிறுத்திவிட்டார்கள். அந்த வருடங்களிலும் பத்தில் ஒன்றை முதலில் எடுத்துத் தனியாக வைத்தேன். தசமபாகத்தைக் கொண்டுவந்தால் ஆசீர்வதிப்பேன் என்கிற மல்கியா 3:10-ஐ நான் அப்படியே நம்புகிறேன்.

அற்புதமாகப் பணம் வந்தது என்று சொல்ல மாட்டேன். நடந்தது வேறு. கர்த்தருக்கு முதலில் எடுத்து வைக்கப் பழகின கை மற்றதையும் எடுத்து வைக்கப் பழகியது. எங்கள் தொழிலில் மழைக்காலத்தில் வெட்டு நிற்கும், மாசி பங்குனியில் இலை உதிர்ந்து தளிர்க்கும்போதும் நிற்கும். முன்பெல்லாம் அந்த மாதங்களில் கடன் வாங்குவேன். இப்போது வெட்டு இருக்கிற மாதத்திலேயே அதற்கென்று எடுத்து வைக்கிறேன். கடன் அடைந்தது ஆறு வருடத்தில்.

உபதேசியார் மகன்:

அருமனை அண்ணன் சொன்ன அனுபவத்துக்கு முன்னால் தலைவணங்குகிறேன். ஆனால் இந்தத் தம்பியின் நிலை வேறு என்று நினைக்கிறேன்.

அண்ணன் கொடுத்தது அவருடைய கூலியிலிருந்து. தம்பி இப்போது 3,300 கொடுத்தால் அந்த மாதம் கார்டைத் தேய்த்துத்தான் அரிசி வாங்குவார். அப்படியென்றால் அந்தக் காணிக்கையைக் கொடுத்தது யார்? கார்டு வங்கி. மாற்கு 7-இல் இயேசு கொர்பானைப் பற்றிப் பேசுகிறார். தகப்பனுக்கும் தாய்க்கும் சேர வேண்டியதைக் காணிக்கை என்று சொல்லிக் கொடுக்காமல் விடுகிறவர்களை அவர் கடிந்துகொள்கிறார். மச்சானுக்குச் சேர வேண்டியதும் அதுபோலத்தான் என்று எனக்குப் படுகிறது. "துன்மார்க்கன் கடன் வாங்கிச் செலுத்தாமற்போகிறான்" என்று 37-ஆம் சங்கீதம் சொல்லும்போது, வாங்கினதைத் திருப்பிக் கொடுப்பது தேவனுக்கு முன்பான காரியம் என்றுதான் அர்த்தம். கடன் கட்டுகிற நாளும் ஆராதனை நாள்தான்.

2 கொரிந்தியர் 8:12-ஐப் பாருங்கள். ஒருவனுக்கு இல்லாததின்படி அல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்கிறார் பவுல். முழுவதும் நிறுத்து என்று நான் சொல்லவில்லை. 300 கொடு, 500 கொடு. உன் போதகரிடம் நேரில் போய்க் காரணத்தைச் சொல்லிவிட்டுக் கொடு. ஒளித்துக் குறைத்தால்தான் ஆராதனையில் உட்கார முடியாது.

இன்னொன்று. நெகேமியா 5-ஆம் அதிகாரத்தை வாசித்திருக்கிறாயா? ஜனங்கள் வயலையும் திராட்சத்தோட்டத்தையும் வீட்டையும் அடகு வைத்துத் தானியம் வாங்குகிறார்கள், ராஜாவுக்குத் தீர்வை கட்டக் கடன் வாங்குகிறார்கள், பிள்ளைகளை அடிமைகளாக்குகிறார்கள். நெகேமியாவுக்கு மிகவும் கோபம் வருகிறது. சபையைக் கூட்டி, வாங்கின நிலத்தையும் நூற்றுக்கொன்று வட்டியையும் திரும்பக் கொடுங்கள் என்கிறார். விளக்கவுரைகள் அதை மாதம் நூற்றுக்கு ஒன்று என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும். நூற்றுக்கு ஒன்றுக்கே அந்தக் கோபம். நம்முடைய சபைகளில் நூற்றுக்கு 5 வட்டிக்கு விடுகிறவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், அவரிடம் வாங்கினவர் கடைசி வரிசையில். இதைச் சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை. எனக்கு இதில் தீராத வருத்தம் உண்டு.

வெள்ளறடை டீச்சர்:

எல்லாரும் கடனை எப்படி அடைப்பது என்று பேசுகிறீர்கள். எதற்கு வாங்கினார் என்பதைத் தாண்டிப் போய்விட்டீர்கள். தங்கச்சி கல்யாணம்.

தம்பி, எத்தனை பவன் போட்டீர்கள்?

களியக்காவிளைக்காரன்:

30 கேட்டார்கள் டீச்சர். 25-இல் நின்றது. அப்புறம் கையில் 2 லட்சம். மண்டபம், வீடியோ, சாப்பாடு வேறு.

வெள்ளறடை டீச்சர்:

இதைத்தான் நினைத்தேன். ஸ்திரீதனம், அதாவது வரதட்சணை, கேட்பதும் கொடுப்பதும் 1961 முதல் குற்றம். நம் எல்லைப்பகுதியில் இரண்டு பக்கமும் படித்தவர்கள் அதிகம், பள்ளிக்கூடமும் சபையும் ஒன்றாக வளர்ந்த ஊர்கள் இவை. அப்படியும் பெண் பிறந்தால் அன்றே பவன் கணக்குத் தொடங்குகிறது.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஆலயத்தில் கல்யாண அறிவிப்பான ஓலை வாசிக்கிறோம். தடை ஏதும் உண்டா என்று சபையைக் கேட்கிறோம். பெண்ணின் அண்ணன் நூற்றுக்கு 5 வட்டிக்கு வாங்கித்தான் இந்தக் கல்யாணம் நடக்கிறது என்பது அந்த ஞாயிறு பல பேருக்குத் தெரிந்திருக்கும். ஒருவரும் எழுவதில்லை. லூக்கா 14-இல் கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானோ என்று கேட்கிறாரே ஆண்டவர், அந்தக் கேள்வி எங்கள் மண்டபங்களுக்கு முன்னால் எழுதி வைக்க வேண்டியது.

என் மகள் கல்யாணத்தில் பவன் பேச்சு எடுத்த இரண்டு வரன்களைத் திருப்பி அனுப்பினேன். சொந்தக்காரர்கள் மாதக்கணக்கில் குறை சொன்னார்கள். மூன்றாவது வந்த பையன் ஆலயத்தில் கல்யாணம், ஆலய வளாகத்திலேயே சாப்பாடு என்றான். சேமிப்புக்குள் முடிந்தது.

உனக்கு இப்போது இது உதவாது தம்பி, நடந்துவிட்டது. உனக்கு மகள் உண்டென்றால் அவளுக்காகச் சொல்கிறேன்.

தூத்தூர் கரையாள்:

நான் கத்தோலிக்கப் பெண், கடற்கரை. எங்கள் பங்கின் சிறு குழுவான அன்பியத்திலும் இதே கதைதான் ஓடுகிறது. குழு லோன் பற்றி ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். நான் மூன்று பேருக்காகக் கட்டியிருக்கிறேன். எங்கள் ஆட்கள் ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். காற்று, மழை எச்சரிக்கை என்றால் போகவே முடியாது. வாரத் தவணைக்கு அது தெரியாது. நீதிமொழிகள் 6-இல் பிறனுக்குப் பிணைப்பட்டவனிடம், வேடன் கைக்குத் தப்பும் மான்போலத் தப்பிக்கொள் என்று சொல்லியிருக்கிறது. நாங்கள் பத்துப் பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை, யார் யாரிடமிருந்து தப்புவது?

ஆனால் விதிகள் உண்டு, தெரிந்துகொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி 2022-இல் கொண்டுவந்த மைக்ரோ பைனான்ஸ் விதிப்படி, வீட்டு வருமானத்தில் பாதிக்கு மேல் தவணையாகப் போகிற அளவுக்குக் கடன் தரக்கூடாது. காலை 9-க்கு முன்னும் மாலை 6-க்குப் பின்னும் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக்கூடாது. முன்னதாக அடைத்தால் அபராதம் கிடையாது. இதைச் சொன்ன பிறகு எங்கள் தெருவில் ராத்திரி வந்து உட்காருவது நின்றது.

தம்பி, உன் மனைவி பெயரில் இருக்கிற குழுவுக்கு வாரம் தவறாதே. நீ தவறினால் அவமானப்படுவது அவளும் அவள் தோழிகளும்.

களியக்காவிளைக்காரன்:

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். சொல்லிவிட்டேன்.

அக்கா சொன்னபடி வாசித்துக் காட்டத்தான் நினைத்தேன், குரல் வரவில்லை. போனை அவள் கையில் கொடுத்துவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் உள்ளே சத்தமே இல்லை. அப்புறம் வந்து என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "இன்னும் வேறே உண்டுமா?" இல்லை என்றேன். "இருந்தா இப்பவே சொல்லிரும்." உண்மையாகவே இல்லை என்றேன். அழுதாள். மறுநாள் முழுவதும் பேசவில்லை.

நேற்று அவளே செயின் ரசீதை எடுத்து வெளியே வைத்தாள். பெண்கள் ஐக்கியச் சேமிப்பில் அவளுக்கு 16,000 இருக்கிறதாம், அது எனக்குத் தெரியாது. அதையும் எடுக்கலாம் என்கிறாள். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உபதேசியார் மகன்:

தம்பி, 2 இராஜாக்கள் 4-ஐ இன்று இரண்டு பேரும் சேர்ந்து வாசியுங்கள். கடன்காரன் பிள்ளைகளைப் பிடித்துப்போக வந்திருக்கிறான் என்று அந்த விதவை எலிசாவிடம் அழுகிறாள். அவர் கேட்பது, உன் வீட்டில் என்ன இருக்கிறது என்றுதான். ஒரு குடம் எண்ணெய். அது பெருகின பிறகு அவர் சொல்கிற வரிசையையும் கவனி: "உன் கடனைத் தீர்த்து, மீந்ததைக்கொண்டு நீயும் உன் பிள்ளைகளும் ஜீவனம்பண்ணுங்கள்." கடனும் வீட்டுச் சாப்பாடும் இரண்டுமே அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

குழித்துறை அக்கா:

அவளுக்கு என் அன்பைச் சொல்லு தம்பி.

இனி வரிசையாகப் போவோம். செயினை விற்று ப்ளேடை முழுதாக முடி. ஆட்டோக்காரத் தம்பி சொன்னபடி தாள்களை வாங்கிவிடு. புரோநோட்டின் பின்னால் "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு எழுதி வாங்கு. கோபத்தில் எரித்துவிடாதே, வைத்திரு.

வளையல் ரசீதை வங்கிக்கு மாற்று. வங்கியிலேயே பழைய கடனை அடைத்து நகையை எடுத்துக்கொள்கிற ஏற்பாடு உண்டு, நேரில் போய்க் கேள். பாக்கி வட்டியோடு 1,31,000 ஆகும். 9.5 சதவீதம் என்றால் மாதம் 1,040 வட்டி. அதை மாதாமாதம் கட்டிவிட வேண்டும், சேரவிடக்கூடாது.

கார்டு வங்கிக்குப் போன் செய்து நிலுவை முழுவதையும் இஎம்ஐயாக மாற்றச் சொல். 16 சதவீதத்தில் 12 மாதத்துக்குக் கிடைத்தால் மாதம் ஏறக்குறைய 7,700. இதுவரை ப்ளேடு, குழு, கார்டு மூன்றுக்குமாக 14,200 கட்டிக்கொண்டிருந்தாய். இனி குழுவுக்கு 4,980, நகைக்கு 1,040, கார்டுக்கு 7,700. மொத்தம் 13,720. கையிலிருந்து போவது கிட்டத்தட்ட அதேதான், ஆனால் இப்போது ஒவ்வொரு மாதமும் அசல் குறையும்.

இதற்கு நடுவில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் என்ன செய்வாய்? திரும்பவும் ப்ளேடா? அதனால் 10,000 ரூபாய் சேரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக அஞ்சலகக் கணக்கில் போடு. என் அம்மா ஒவ்வொரு வேளையும் உலையில் போடுகிற அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார். பிடியரிசி. சபைக்குப் போவது அது. அதே பழக்கத்தில் வீட்டுக்கும் ஒரு சின்னப் பானை வைத்திருந்தார், ஆடி மாதம் அதுதான் எங்களைக் காத்தது.

இன்னும் ஒன்று. இன்று நீ இல்லாமல் போனால் இந்த 6 லட்சம் அவள் தலையில் விழும். வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு வருடம் 436 ரூபாயில் 2 லட்சம் ஆயுள் காப்பீடு இருக்கிறது, பிரதமர் ஜீவன் ஜோதி. 20 ரூபாயில் 2 லட்சம் விபத்துக் காப்பீடு, சுரக்ஷா. இரண்டு பேரும் சேருங்கள்.

அருமனை ஊழியன்:

சகோதரனே, தசமபாகம் பற்றி என் எண்ணம் மாறவில்லை. ஆனால் மனைவியிடம் சொன்னாயே, அதற்காகக் கர்த்தரைத் துதிக்கிறேன். நீ போதகரிடம் பேசி எந்த முடிவு எடுத்தாலும் நான் உனக்காக ஜெபிக்கிறேன். கையில் கிடைக்கிற தொகையில் முதலில் எடுத்து வைக்கிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடாதே, அது 100 ரூபாயானாலும் சரி.

நெய்யாற்றங்கரை ஆட்டோ:

ப்ளேடை அடைக்கப் போகிற நாளைச் சொல்லு மக்கா. நான் வண்டியை எடுத்துக்கொண்டு வருகிறேன். சாட்சிக்கு ஒருவர் வேண்டும் அல்லவா.

களியக்காவிளைக்காரன்:

ஐந்து மாதம் ஆகிவிட்டது. நடந்ததை எழுதாமல் இருந்தால் நன்றிகெட்டவன் ஆவேன்.

செயினை விற்று ரசீதை அடைத்தபின் 84,000 கையில் நின்றது. அவளுடைய 16,000 சேர்த்துச் சரியாக ஒரு லட்சம். ஆட்டோ அண்ணன் சொன்னபடியே வந்தார். ப்ளேடுக்காரர் செக் வீட்டில் இருக்கிறது, நாளை வா என்றார். அண்ணன் "நாங்க காத்திருக்கோம், எடுத்துட்டு வாங்க" என்று சொல்லி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரத்தில் செக்கும் புரோநோட்டும் வந்தது. அக்கா சொன்னபடி எழுதி வாங்கினோம்.

வளையல் இப்போது வங்கியில். கார்டு இஎம்ஐ ஐந்து கட்டியாயிற்று, 51,000 சொச்சம் மீதி. குழு லோன் ஒரு வாரமும் தவறவில்லை. ஒரு மாதம் அண்டி ஆபீஸ் பதினைந்து நாள் பூட்டிவிட்டது, அப்போது அஞ்சலகத்தில் இருந்த 2,000 எடுத்தோம். யாரிடமும் வாங்கவில்லை.

போதகரிடம் போய்ப் பேசினேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, கையைப் பிடித்து ஜெபித்தார். இப்போது மாதம் 500 கவரில் போடுகிறேன், பிடியரிசி அவள் கொடுக்கிறாள். சபையின் அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டபோது இந்த முறை நான் கை தூக்கவில்லை. போன வருடம் பக்கத்தில் இருந்தவர் முன்னால் விடக்கூடாது என்று ஒரு சேவலை 2,500-க்குக் கார்டில் எடுத்த பணத்தால் வாங்கினவன் நான்.

மச்சானுக்குப் போன் செய்தேன். இப்போதைக்கு முடியாது, கார்டு முடிந்தவுடன் மாதம் 5,000 என்று சொன்னேன். கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தார். "நீ மறந்துட்டேன்னு நினைச்சேன் மச்சான்" என்றார். மூன்று வருடத்தில் நாங்கள் மனம் விட்டுப் பேசியது அன்றுதான்.

ஒரு கேள்வி. கடையில் சம்பளம் 2,000 கூட்டியிருக்கிறார்கள். அதை நகைக்குக் கட்டவா, மச்சானுக்கு இப்போதே தொடங்கவா?

குழித்துறை அக்கா:

அஞ்சலகத்தில் இப்போது எவ்வளவு இருக்கிறது?

களியக்காவிளைக்காரன்:

4,300 அக்கா.

குழித்துறை அக்கா:

அப்படியானால் மூன்று மாதம் அங்கேயே போடு, 10,000 ஆகட்டும். அப்புறம் மச்சானுக்குத் தொடங்கு. வீட்டில் அவளிடம் கேட்டுவிட்டுச் செய்.

களியக்காவிளைக்காரன்:

பக்கத்தில்தான் இருக்கிறாள் அக்கா. அவளும் அதையேதான் சொல்கிறாள்.